வேப்பமரத்தடி கோஷ்டி

அப்படியா தூக்குறது? விடு. விடுங்கிறேன்ல. இடுப்பை வளைச்சு, கையை நீட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கிணத்துல விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி. பையை முதல்ல கிட்ட இழு. உடம்போட ஒட்டி. முழங்காலை மடக்கு. இப்ப வாயைத் திறந்து, மூச்சை விட்டுக்கிட்டே தூக்கு. சத்தம் வந்தாப் பரவாயில்லை, இது பஸ்ஸு, பரீட்சை ஹால் இல்லை. ஆங், அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில தள்ளு. மேல வைக்காதே. உருண்டு எவன் மண்டையிலயாவது விழுந்தா திண்டுக்கல் போய்ச் சேர மாட்டோம்.

குண்டு. உள்ள இருக்கிறது குண்டு. மூணு கிலோ. என்ன முழிக்கிறே? குண்டு எறிதல்னு கேள்விப்பட்டதில்லையா? கண்டக்டரும் இப்படித்தான் முழிச்சான். "பையில என்னம்மா?"ன்னான், "குண்டு"ன்னேன். முன் சீட்டுக்காரர் இறங்கி வேற பஸ்ஸுக்கே போயிட்டாரு. ஆம்பளைக லட்சணம்.

அந்த ஜன்னலைச் சாத்து. புழுதி வந்தா எனக்குத் தும்மல் வரும். வெக்கையா இருந்தா இருக்கட்டும். சாத்துன்னா சாத்தேன்.

ஆன்ட்டின்னு கூப்பிடாதே. டீச்சர்னு கூப்பிடு. முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சர். பெண்கள் மேல்நிலைப் பள்ளி. தனபாக்கியம் டீச்சர்னு திண்டுக்கல்ல எந்த வீதியிலயும் கேளு. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் என்னைப் பார்த்தா மார்க்கெட்ல பொம்பளைக நிமிர்ந்து நிப்பாளுக. ரெண்டு பிள்ளை பெத்தவளுக. அது பயம் இல்லை, பழக்கம். நீயும் நிமிர்ந்து உட்காரு. கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்திருக்கே.

என்ன படிக்கிறே? சத்தமாச் சொல்லு. விலங்கியலா? எம்.எஸ்சி.யா? சரி. அப்ப உங்கிட்டச் சொல்லலாம். தவளையை அறுத்தவ, உடம்பைப் பத்திக் கேட்டா மயக்கம் போட மாட்டே. அதோட திண்டுக்கல்ல இறங்கினா நீ யாரோ, நான் யாரோ.

கொஞ்சம் பொறு.

...ஒன்பது, பத்து. ஒண்ணுமில்லை. பஸ் நின்னுச்சுல்ல, அதான். நீ கண்டுக்காதே.

இன்னைக்கு திருச்சியில மூத்தோர் தடகளப் போட்டி. அங்கிருந்துதான் வர்றேன். மெடல் எங்கேன்னு பார்க்கிறியா? கேவலமான ஏற்பாடு. சுண்ணாம்புக் கோடு பாம்பு மாதிரி போயிருக்கு. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் ஆரோக்கியத்தைப் பத்திப் பேசினான். மேடை ஏறும்போது நாலு பேர் தாங்கிப் பிடிச்சாங்க. அந்தப் போட்டியில மெடல் வாங்கினா என்ன, வாங்காட்டி என்ன?

ஆனா வாங்கியிருப்பேன். அதைத் தெரிஞ்சுக்கோ. இந்த வருஷம்தான் அறுபது வயசுப் பிரிவுக்கு வந்திருக்கேன். அந்தப் பிரிவுல நான்தான் சின்னவ. முதல் ரெண்டு இடம் வந்தா தேசியப் போட்டி. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளை ரயிலேத்தி விட்டேன், வடக்கே எங்கெங்கேயோ போய் ஓடினாளுக, தாண்டினாளுக. நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. வீடு, பிள்ளை, மாமியார், அது இதுன்னு. இந்த வருஷம் போயிருப்பேன். சித்திரை மாசம் வரைக்கும் அது நிச்சயம்.

சித்திரையில என்னாச்சுன்னா, ஒரு நாள் காலையில கிரவுண்டுல இருபது எறி எறிஞ்சுட்டு வீட்டுக்கு வந்தேன். குளிக்கப் போனா, கீழே என்னமோ இருக்கு. எப்படிச் சொல்ல? எலுமிச்சம்பழம் ஒண்ணு வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. உட்கார்ந்தா அதுமேல உட்கார்ற மாதிரி. சாயங்காலம் ஆக ஆக அடிவயிறு ஈரத்துணி மாதிரி கனக்கும். கர்ப்பப்பை இறக்கம். அப்ப அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க அம்மா காலத்துல 'அடி தள்ளுது'ன்னு பொம்பளைக குசுகுசுன்னு பேசுவாளுக. வெறகு சுமந்தவ, வருஷத்துக்கு ஒண்ணு பெத்தவ, அவளுக்கு வரும். எனக்கு எதுக்கு வரணும்? நான் தினம் உடற்பயிற்சி செய்யிறவ.

ஆக, எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. தளர்ந்து போச்சு. தளர்ந்தா என்ன செய்யணும்? இறுக்கணும். வயிறு தளர்ந்தா சிட்-அப்ஸ். முப்பத்தோரு வருஷமா பிள்ளைகளுக்குச் சொன்னது அதுதான். ஐம்பதுல ஆரம்பிச்சேன். மூச்சைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சு. ஒரு வாரத்துல கொஞ்சம் கூடக் கீழே வந்துச்சு. நூறாக்கினேன். அது கேட்கலை. நூத்தம்பது. அதுக்கும் மேல, பிள்ளையார் கோயில்ல நூத்தெட்டு தோப்புக்கரணம், அடி வரைக்கும் உட்கார்ந்து எந்திரிச்சு. ஒரு பிள்ளை அடங்கலைன்னா என்ன செய்வோம்? இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட விடுவோம். அப்படித்தான். ரெண்டு மாசம் நான் அதை விடலை.

அதுவும் என்னை விடலைன்னு வச்சுக்கோ.

எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாரு. வைரவன்னு பேரு, தபால் ஆபீஸ்ல இருந்தாரு. வாய் திறந்து பேசினா ஸ்டாம்பு செலவாகும்னு நினைக்கிற ஆளு. "தனம், நீ ஒரு மாசமா நின்னுக்கிட்டே சாப்பிடுறே"ன்னாரு. "நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா செரிக்கும்"னேன். "டி.வி.யும் நின்னுக்கிட்டேதான் பார்க்கிறே"ன்னாரு. மறுநாள் ஆட்டோ கூட்டிட்டு வந்துட்டாரு. அந்த மனுஷன் நாப்பது வருஷத்துல எனக்கு எதிரா செஞ்ச ஒரே காரியம் அது.

டாக்டரம்மா பார்த்துட்டு, "ரெண்டாவது நிலை. பயப்பட வேண்டாம். இப்ப ஆபரேஷன் தேவையில்லை. கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கிற வளையம் ஒண்ணு இருக்கு, வேணும்னா பின்னாடி பொருத்திக்கலாம். முதல்ல மூணு மாசம் பிசியோதெரபி போங்க"ன்னாங்க. "என்னம்மா செஞ்சீங்க இவ்வளவு நாளா?"ன்னு கேட்டாங்க. சிட்-அப்ஸ் கணக்கைச் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழே வச்சுட்டு என் மூஞ்சியையே பார்த்தாங்க. "தையல் விட்ட பை மேல ஏறி நின்னு மிதிச்சிருக்கீங்க"ன்னாங்க. படிச்ச திமிரு.

மணப்பாறை வந்துருச்சா? இறங்க மாட்டேன். நீ வேணா முறுக்கு வாங்கு. எனக்கு வேண்டாம். அந்த ஜன்னலைத் திறக்காதே, கதவு வழியா வருவான் பாரு. கொஞ்சம் பொறு.

...பத்து.

சரி, பிசியோதெரபின்னு போனேன். அங்க யாரு இருக்கா? ஆஃப்ரின். என் பிள்ளை. என்கிட்ட ஆறு வருஷம் படிச்சவ. படிச்சவன்னு சொல்லக்கூடாது, என் பீரியட்ல உட்கார்ந்திருந்தவ. எங்க கிரவுண்டு ஓரத்துல ஒரு வேப்பமரம். 'டீச்சர் வயித்து வலி', 'டீச்சர் தலைசுத்தல்', 'டீச்சர் அந்த நாளு'ன்னு சொல்ற கூட்டம் பூரா அதுக்கு அடியில உட்காரும். வேப்பமரத்தடி கோஷ்டின்னு நான்தான் பேர் வச்சேன். மைக்குல கூப்பிடுவேன், "வேப்பமரத்தடி கோஷ்டி எந்திரிச்சு வரவும்"னு. பள்ளிக்கூடமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தக் கோஷ்டிக்குத் தலைவி இவதான். முருங்கைக்காய் மாதிரி இருப்பா, பேசினா காத்துக்கே கேட்காது. உன்னை மாதிரி.

போட்டி நடந்தா நான் பேரை மூணு தடவை கூப்பிடுவேன். மூணாவது தடவைக்கும் வரலைன்னா பேருக்கு நேரா கோடு. அப்பீல் கிடையாது. மறுநாள் ரெண்டு ரவுண்டு ஓடணும், அதுவும் உண்டு. ஒன்பதாவது படிக்கும்போது இவ பேருக்குக் கோடு போட்டிருக்கேன். எனக்கு ஞாபகம் இருக்கு. அவளுக்கும் இருக்கும்.

"வாங்க டீச்சர்"னா. எந்திரிச்சு நின்னா. அது சரி. அப்புறம் என்னைப் பாயில படுக்கச் சொன்னா. முழங்காலை மடக்கி, சும்மா படுத்து, மூச்சு விடச் சொன்னா. "விட்டாச்சு, அடுத்து"ன்னேன். "இதுதான் டீச்சர் முதல் பாடம்"னா. அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டேன். பிறந்ததுல இருந்து விடுறேன், அதுக்கு ஒரு வாத்தியாரம்மா.

அப்புறம் சொல்றா, "சிறுநீரைப் பாதியில அடக்குற மாதிரி, காத்துப் போகாம இறுக்கிப் பிடிக்கிற மாதிரி, உள்ள மேல தூக்குங்க. லிஃப்ட் மேல போற மாதிரி நினைச்சுக்கோங்க."

"நான் லிஃப்ட்ல ஏறுறவ இல்லை, படியிலதான் போவேன்"னேன்.

"சரி, படியிலயே போங்க டீச்சர், ஆனா மேல போங்க"ன்னா.

நான் செஞ்சேன். முழு பலத்தோட செஞ்சேன். அவ என் அடிவயித்துல கையை வச்சுப் பார்த்துட்டு, மெதுவா, "டீச்சர், நீங்க கீழே தள்ளுறீங்க"ங்கிறா.

நானா! முப்பத்தோரு வருஷம்! மாநில அளவுல பதினாலு கோப்பை!

"மறுபடி செய்யிறேன்"னேன். "இப்பவும் கீழேதான் டீச்சர். மூச்சைப் பிடிக்காதீங்க. வயித்தைக் கல்லாக்காதீங்க. தொடையை விட்டுடுங்க." எல்லாத்தையும் விட்டுட்டா அப்புறம் என்னத்தை வச்சுச் செய்யிறது? வியர்க்கலை, மூச்சு வாங்கலை, ஒண்ணும் ஆகலை. "இது உடற்பயிற்சியா? ஒரு சொட்டு வியர்வை வரலை"ன்னேன். "வியர்வை வந்தா தப்பாச் செய்யிறீங்கன்னு அர்த்தம் டீச்சர்"ங்கிறா. வேப்பமரத்தடியில உட்கார்ந்து உட்கார்ந்து இவ கண்டுபிடிச்ச உடற்பயிற்சி இது. படுத்துக்கிட்டே.

பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்கணும். அப்புறம் முழுசா விடணும். நான் விடாம அடுத்ததுக்குப் போனா, "விடுறதும் பயிற்சிதான் டீச்சர்"னு நிறுத்துவா. அஞ்சு வாரம் கழிச்சுத்தான், "இப்ப மேல போகுது"ன்னா. அவ கண்ணுல ஒரு சந்தோஷம். எனக்கு என்ன சந்தோஷம்? எழுபது கிலோ உடம்புல நான் ரெண்டு விரக்கடையைத் தூக்கியிருக்கேன்.

அதுக்கப்புறம் பட்டியல். சிட்-அப்ஸ் கூடாது. குதிக்கக்கூடாது. படுக்கையில இருந்து நேரா எந்திரிக்கக்கூடாது, பக்கவாட்டுல புரண்டு, கையை ஊன்றி எந்திரிக்கணும். தும்மல், இருமல் வந்தா அதுக்கு முன்னாடி உள்ள இறுக்கிக்கணும். தும்மல் என்ன தந்தி அடிச்சுட்டா வருது? குடம் கூடாது. வாளி பாதி. இப்ப எங்க வீட்டுக்காரர் அரை அரை வாளியா எடுத்து வைக்கிறாரு, ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு மருந்து அளக்கிற மாதிரி. கிரைண்டர் கல்லைத் தொட விடுறதில்லை. அவரே மாவாட்டுறாரு. தோசை ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வருது. நிக்கும்போது இடுப்பை முன்னால தள்ளாம, வயித்தை எக்காம, சாதாரணமா நிக்கணும். 'அட்டென்ஷன்' போஸே தப்பாம்! பிள்ளைகளுக்கு நான் கத்துக்கொடுத்த முதல் பாடமே தப்பாம்!

இன்னும் கேளு. வெளிக்குப் போறப்ப முக்கக்கூடாது. காலுக்கு அடியில உயரமா ஒண்ணை வச்சு, முன்னால சாய்ஞ்சு உட்காரணும். எங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சாருங்கிறே? பரண்ல ஏறி, எங்க கல்யாணத்துக்கு உட்கார்ந்த மணைப்பலகையை எடுத்துட்டு வந்து கக்கூஸ்ல போட்டுட்டாரு. "சரியான உயரம் தனம்"ங்கிறாரு. சாட்சியா அக்கினி ஒண்ணுதான் இல்லை.

சிரிக்காதே. சிரிச்சா நானும் சிரிப்பேன். நான் சிரிக்கக்கூடாது, பஸ் வேற குலுங்குது.

குண்டைப் பத்திக் கேட்டேன். "ஆவணியில போட்டி இருக்கு"ன்னு. ஆஃப்ரின் யோசிச்சா. "இந்த வருஷம் வேண்டாம் டீச்சர். மூணு மாசம் முடியட்டும். அப்புறம் ஒரு கிலோ பந்து தர்றேன், உட்கார்ந்துக்கிட்டு எறிஞ்சு பழகலாம். கனம் தெரியலைன்னா கொஞ்சம் கூட்டலாம். தெரிஞ்சா நிறுத்திக்கலாம். எறியவே கூடாதுன்னு நான் சொல்லலை"ன்னா.

ஒரு கிலோ! தக்காளி!

அன்னைக்கு வெளியே வர்றப்ப அவகிட்ட ஒண்ணு கேட்டேன். "நீ ஏன்டி எப்பப் பார்த்தாலும் அந்த மரத்தடியிலயே கிடப்பே?"

"வயிறு வலிக்கும் டீச்சர்."

"சும்மா சொல்லுவே."

"சும்மா சொல்லலை டீச்சர்"னா. அவ்வளவுதான். அடுத்த தடவை வர்ற தேதியை அட்டையில எழுதிக் கொடுத்தா. "மூச்சை மறக்காதீங்க"ன்னா.

நான் அந்தப் பயிற்சியை ஒரு நாலு நாள் செஞ்சிருப்பேன். பிடிக்கலை. விட்டுட்டேன். பஸ் நின்னா, சிக்னல் விழுந்தா ஒண்ணு செய்யுங்கன்னு சொல்லியிருக்கா, ஞாபகத்துக்கு. எனக்கு எதுக்கு ஞாபகப்படுத்தணும்? இது எந்த ஊரு, வையம்பட்டியா? கொஞ்சம் பொறு.

...எட்டு, ஒன்பது, பத்து.

எங்க விட்டேன்? ஆங், இன்னைக்கு. வீட்டுக்காரர்கிட்ட ஸ்ரீரங்கம் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். பையை எட்டிப் பார்த்தாரு. ஒண்ணும் கேட்கலை. "பெருமாளுக்கு மூணு கிலோவா?"ன்னு மட்டும் முணுமுணுத்தாரு.

அங்க போனா ஜெசிந்தா நிக்கிறா. தூத்துக்குடிக்காரி, மின்வாரியத்துல இருந்தவ. ஒன்பது வருஷமா எனக்கு எதிரி. இந்த வருஷம் அவளுக்கும் அறுபது. அவ எறியுறதை நீ பார்க்கணும். 'ஹோஓஓ'ன்னு ஒரு கத்தல். ஸ்டேடியத்துல தூங்குற புறா பூரா பறக்கும். கூட்டம் கைதட்டும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ரெண்டு மூணு வருஷமாத்தான் இந்தக் கூத்து. எறியுறதுன்னா வாயை மூடிக்கிட்டு எறியணும். மூச்சை உள்ள கட்டி வச்சு எறிஞ்சாத்தான் அது எறி. என் பிள்ளை எவளாவது இப்படிக் கத்தினா வாயில ஒண்ணு போட்டிருப்பேன்.

ஆளுக்கு மூணு வாய்ப்பு. முதல் பேரு என்னது. வட்டத்துக்குள்ள போய் நின்னேன். குண்டைக் கழுத்துல வச்சேன். அந்தக் குளிர்ச்சி இருக்கு பாரு... அது உனக்குப் புரியாது. மூச்சை இழுத்தேன், கட்டினேன், தள்ளினேன்.

குண்டு வெளியே போச்சு. அதுவும் வெளியே வந்துருச்சு.

உள்ளே இருந்து ஒரு கை பிடிச்சு வெளியே இழுத்த மாதிரி. என் கால் வட்டத்து முன்கட்டையைத் தாண்டிருச்சு. சிவப்புக் கொடி. ஏழு மீட்டர் போயிருக்கு, ஏழு! ஆனா செல்லாது. நான் குண்டை எடுத்துட்டு வரலை, வேற யாரோ எடுத்துட்டு வந்தாங்க. நேரா நடந்தேன். நேரான்னா, நடக்க முடிஞ்ச மாதிரி நடந்தேன்.

கேலரிக்குப் பின்னாடி பாத்ரூம். உள்ள போய் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கதவுக்கு வெளியே ஜெசிந்தா குரல்.

"ஏட்டி தனம், என்ன நடை அது? வாத்து கணக்கா?"

"உன் வேலையைப் பாரு"ன்னேன்.

"எம்புட்டு தூரம் வந்துட்டு? வெளியே வந்துட்டா?"

நான் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"கதவைத் திறட்டி. எனக்கு அது நாலு வருஷமா இருக்கு."

திறந்தேன். அவ நிக்கிறா, பனைமரம் மாதிரி, கையில சாக்பீஸ் தூளோட. "உனக்கா?"ன்னேன். "உன் ஒருத்திக்குத்தான் கடவுள் பார்சல் அனுப்புனாருன்னு நெனச்சியா? வளையம் போட்டிருக்கேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா டாக்டர்ட்ட காட்டுதேன். ஒரு வருஷம் குண்டைத் தொடல. அப்புறம் மொதல்ல இருந்து, ஒரு கிலோ, ரெண்டு கிலோ, மூணுன்னு வந்தேன்."

"அப்புறம் எப்படி எறியுறே?"

"கத்திக்கிட்டு எறியுதேன்லா! மூச்சு வெளிய போவணும், உள்ள மேல போவணும். நீ என்ன நெனச்ச, சனம் கைதட்டணும்னா கத்துதேன்? எனக்கு என்ன கிறுக்கா?"

அவ சொன்னதுக்குத் தலையாட்டினேன். ஒன்பது வருஷத்துல முதல் தடவை.

பின்னாடி ஒரு மரம். நிழல். என்ன மரம்னு நான் பார்க்கலை. அவ துண்டை விரிச்சா, பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணை இழுத்துட்டு வந்தா. "படு. காலை இதுமேல தூக்கி வை. பத்து நிமிஷம் கிட. தானா உள்ள போவும். முக்காத"ன்னா. நான் படுத்தேன். மாநிலத்துல இருந்து வந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் தண்ணி குடிக்கப் போறான், வர்றான். நான் காலை நாற்காலியில போட்டுக்கிட்டு மரத்தடியில கிடக்கிறேன்.

அப்பத்தான் மைக்குல கூப்பிட்டான். "திண்டுக்கல் தனபாக்கியம். முதல் அழைப்பு."

ஜெசிந்தா என்னைப் பார்த்தா. "போணும்னா போ. நான் மறிக்க மாட்டேன். நீ சொன்னா கேக்கிற ஆளும் இல்ல"ன்னா.

"இரண்டாவது அழைப்பு."

நான் எந்திரிக்கப் பார்த்தேன். நேரா, வயித்தை இறுக்கி, சிட்-அப்ஸ் கணக்கா. பாதியில நின்னுட்டேன். அப்புறம் பக்கவாட்டுல புரண்டு, கையை ஊன்றினேன். கை ஊன்றியாச்சு. எந்திரிச்சா வட்டம் அம்பது அடி. ரெண்டு எறி பாக்கி. ஏழு மீட்டர் எறிஞ்ச கை இது. வடக்கே போற ரயில் அங்கதான் நிக்குது, அந்த வட்டத்துக்குள்ள. ரெண்டு எறி. அதுல ஒண்ணு விழுந்தாப் போதும். மூச்சைப் பிடிச்சு ஒண்ணே ஒண்ணு.

மண்ணுல கையை ஊன்றினபடியே இருந்தேன்.

"மூன்றாவது அழைப்பு. தனபாக்கியம்."

மறுபடி படுத்துட்டேன்.

ஏன்னா அந்த மைக்குக்காரன் கூப்பிட்ட விதம் சரியில்லை. ஒரு அழைப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் விடணும். இவன் மூச்சு விடாமக் கூப்பிடுறான். நான் கூப்பிட்டா ஒழுங்கா நேரம் விட்டுக் கூப்பிடுவேன். அப்படி விட்டிருந்தா நான் போயிருப்பேன். அதை நீ தெரிஞ்சுக்கணும்.

அடுத்த எறிக்கும் மூணு தடவை கூப்பிட்டான். நான் மரத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். அடியில படுத்துப் பார்த்தா மரம் வேற மாதிரி இருக்கு. மைக்கு சத்தம் ரொம்பப் பெருசாக் கேட்குது. கிரவுண்டுல நின்னு கூப்பிடும்போது இவ்வளவு பெருசாக் கேட்கும்னு எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் 'ஹோஓஓ'ன்னு சத்தம். புறா பறந்துச்சு. ஆறு நாப்பதாம். என் செல்லாத எறியைவிட அறுபது சென்டிமீட்டர் கம்மி. அவதான் முதல். மெடலோட வந்து என் பக்கத்துல உட்கார்ந்து, கடலை மிட்டாயைப் பாதியா உடைச்சு நீட்டினா. "அடுத்த வருஷம் வா, உன்னைத் தோக்கடிக்காம எனக்கு ருசிக்கல"ன்னா. கொழுப்பு. வாங்கித் தின்னேன், பசி.

வடமதுரை தாண்டிட்டமா? இன்னும் இருபது நிமிஷம்தான்.

நாளைக்குப் பத்து மணிக்கு ஆஃப்ரின்கிட்டப் போகணும். தேதி போட்டிருக்கா. போய் நல்லா நாலு கேள்வி கேட்கப் போறேன். எறிஞ்சதைச் சொல்லணுமா? சொல்லணும்தான். சொன்னா கத்த மாட்டா, அவளுக்குக் கத்தத் தெரியாது. அட்டையில எழுதிக்குவா. அந்த வளையத்தைப் பத்தியும் கேட்கணும். ஒரு கிலோ பந்து எங்க கிடைக்கும்னு கேட்கணும். தக்காளி வச்சா எறிய முடியும்? அப்புறம் அந்த ஒன்பதாம் வகுப்பு... இல்லை, அதெல்லாம் எதுக்கு. பழசு. ரெண்டு ரவுண்டுதான். யாரும் செத்துப் போகலை.

அவ ரெண்டாவது ரவுண்டை முடிக்கலை. பாதியில உட்கார்ந்துட்டா. பாவாடையெல்லாம்... நான் நடிப்புன்னு நினைச்சேன். சரி விடு.

என்ன? என் தலையிலயா? என்ன இருக்கு? எடு, எடு. பூச்சியா? இலையா? காட்டு.

வேப்பிலை.

ஜன்னல் வழியா வந்திருக்கும். இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் மரம்தானே.

சாத்தித்தான் இருக்கா? திருச்சியில இருந்தேவா? நான்தான் சாத்தச் சொன்னேனா?

சரி. எங்கிட்டக் கொடு அதை. கீழே போடாதே, கொடு.

ஊரு வந்துருச்சு. எந்திரி. பையை எடு. இரு, அவசரப்படாதே. கிட்ட இழு. முழங்காலை மடக்கு. மூச்சை விட்டுக்கிட்டே தூக்கு. கத்தினாலும் பரவாயில்லை.